இரண்டு மணிப் பந்தி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் டீலியாவை ஒரு பீப்பாயின் முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். செலிக்மன் கசாப்புக் கடையில், உப்புநீரில் பத்து நாள் ஊறிய நெஞ்சுக்கறியில் எந்தத் துண்டை எடுப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள் அல்லவா? கடைசியில் கொழுப்பு அதிகமான துண்டைத்தான் எடுத்தாள். கொழுப்பில்லாத துண்டு பார்க்க அழகு, வெந்தால் கயிறு என்று செலிக்மன் அடித்துச் சொல்லிவிட்டார்.

அவர் யூதர், சனிக்கிழமை ஓய்வு நாள். கடை திறக்க மாட்டார். அந்த 1917-ஆம் வருஷம் ஐரிஷ்காரர்களின் புனித பேட்ரிக் திருநாளும் பார்த்துப் பார்த்துச் சனிக்கிழமையில் வந்து விழுந்திருந்தது. அதனால் நியூயார்க் செர்ரி தெருவில் இருந்த ஐரிஷ் பெண்கள் அத்தனை பேரும் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அந்தக் கடையை மொய்த்துவிட்டார்கள்.

இன்று சனிக்கிழமை. மூன்றாம் மாடியில் டீலியாவின் பானை காலை பத்து மணியிலிருந்து மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. மாடிப்படி முழுக்க அதே வாசனை. கீழ்வீட்டிலும் எதிர்வீட்டிலும் அதே கறி, அதே மிளகு, அதே பிரியாணி இலை.

வாசனைக்குக் குறைவில்லை. டீலியாதான் நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் வாசகர்களுக்குத் தெரியும். அவள் கணவன் மார்ட்டி ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறவன். தண்ணீர் உள்ளே பாயாமல் இருக்க அங்கே காற்றை அமுக்கி அடைத்து வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து மேலே வருகிறவன் ஓர் இரும்புக் காற்றறையில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்து, அந்த அமுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அவசரப்பட்டால் ரத்தத்தில் காற்று குமிழ் கட்டிவிடும். முதலில் உடம்பு அரிக்கும், பிறகு மூட்டு வலிக்கும், அப்புறம் கால் துவண்டுபோகும். சிலருக்கு மூச்சும் போகும். சுரங்கத்து ஆட்கள் அதற்கு வைத்த பெயர் மடக்கு. போன அக்டோபரில் கீழ்வீட்டு பீட் என்பவனை அது கொண்டுபோயிற்று. வயது இருபத்தாறு.

இந்த வேலையிலிருந்து மார்ட்டியை எப்படியாவது தரைக்கு மேலே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் டீலியாவின் ஒரே பிரார்த்தனை. அதற்கு ஒரே வழி அவனுடைய அக்கா ஆக்னஸ். ஐந்தாம் அவென்யூவில் ஒரு பெரிய வீட்டுச் சமையல்காரி. எஜமானியம்மாவின் தம்பிக்குக் கிடங்கு மேஸ்திரி ஒருவர் தேவை. ஆக்னஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவள் தம்பியோடு பேசி இரண்டு வருஷமாகிறது. போன வாரம்தான் மனம் இறங்கிச் சொல்லி அனுப்பினாள்: திருநாளன்று வருகிறேன், இரண்டு மணிக்குப் பந்தி, நாலு மணிக்குக் கிளம்பிவிடுவேன், இரண்டு மணிக்கு அவன் நாற்காலியில் இல்லையென்றால் நானும் இருக்க மாட்டேன்.

மார்ட்டியின் ஷிப்டோ ஒரு மணிக்குத்தான் முடியும். ஐம்பது நிமிடம் காற்றறை. அதற்குமேல் கம்பெனி விதிப்படி ஒரு மணி நேரம் வாசலிலேயே சூடான காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு மணிக்கு வர முடியாது.

அதனால் டீலியா வியாழக்கிழமை தன் தம்பி கானிடம் போய் நின்றாள். காற்றறையின் குழாயைத் திறந்து மூடுகிறவன் அவன்தான். "அவனைக் காலை ஷிப்டுல மாத்திவிடுடா, எப்படியாவது ரெண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிடு" என்று கெஞ்சினாள். கான் சிரித்தான். "நான் பாத்துக்கறேன்க்கா. நீ கறியைப் பாரு" என்றான்.

பன்னிரண்டு மணியாயிற்று. காலை ஷிப்டில் போனவர்கள் வீடு திரும்பும் சத்தம் தெருவில் கேட்டது. மார்ட்டி வரவில்லை.

ஒரு மணிக்குச் சுரங்கத்து ஊதல் கேட்டது. டீலியா முட்டைகோஸை நாலாக வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி அப்படியே நின்றது.

ஒன்றே முக்காலுக்குப் படியில் தடதடவென்று சத்தம். மார்ட்டி உள்ளே வந்தான். தலை ஈரம், முகம் மழுமழு, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, அதில் ஒரு பச்சை ரிப்பன்.

"வாசனை தெருமுனை வரைக்கும் வந்து கையைப் பிடிச்சு இழுக்குதுடி!"

"காலை ஷிப்டுலதான் ஏறி வந்தியா?"

"ஆமா, ஆமா."

"அப்ப இவ்வளவு நேரம் எங்க இருந்த?"

"சவரம் பண்ணிக்க வேண்டாமா? அக்கா வரா. வாசல்லயே விசாரணையா?"

சொன்னானே தவிர, அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவன் பொய் சொன்னால் டீலியாவுக்கு உடனே தெரிந்துவிடும். அதை வாய்விட்டுக் கேட்பதற்குள் மாதா கோவில் மணி இரண்டு அடித்தது. மணியோடு சேர்ந்து ஆக்னஸும் உள்ளே வந்தாள். கையுறை, தொப்பி, விறைப்பான கழுத்து. தம்பியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"நாய் வில்லை எங்கடா? கழட்டிட்டியா?"

"உனக்குப் பிடிக்காதுன்னு கழட்டி வெச்சுட்டேன்."

"இப்பதான் மனுஷன் மாதிரி இருக்க."

டீலியா அவன் கோட்டைப் பார்த்தாள். சுரங்கத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவனும் கோட்டில் குத்திக்கொள்ள வேண்டிய பித்தளை வில்லை அது. இவன் விழுந்து கிடந்தால் குடித்திருக்கிறான் என்று நினைக்காதீர்கள், சுரங்க வாசலில் உள்ள வைத்தியக் காற்றறைக்குக் கொண்டுபோங்கள் என்று அதில் எழுதியிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆக்னஸ் சண்டை போட்டுக்கொண்டு போனதே, நாய்க்குக் கட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அந்த வில்லையைப் பார்த்துத்தான். இன்று அது வேலைக்கோட்டோடு சுரங்கத்துக் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இடத்தில்தான் பச்சை ரிப்பன்.

டீலியா கறியை எடுத்து வைத்தாள். நாருக்குக் குறுக்கே கத்தி வைத்தாள். ரோஜா நிறத்தில் துண்டு துண்டாகச் சரிந்தது, ஓரத்துக் கொழுப்பு தளதளவென்று ஆடிற்று. அதே நீரில் வெந்த முட்டைகோஸ், தோலோடு உருளைக்கிழங்கு, மூக்கைப் பிடிக்கும் கடுகு விழுது.

ஆக்னஸ் தட்டைப் பார்த்துவிட்டு மோவாயைத் தூக்கினாள். "நம்ம ஊர்ல பேட்ரிக் திருநாளுக்கு மாட்டுக்கறியா? கேட்டா சிரிப்பாங்க. பன்னிக்கறியும் கோசும்தான் அங்க. அதுவும் கொடுத்து வெச்சவன் வீட்டுல."

"இங்க நம்ம தெருவுக்குக் கிடைச்சது செலிக்மன் பீப்பா. இப்ப இதுதான்க்கா நம்ம ஊரு" என்றான் மார்ட்டி.

"தாத்தா இருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டார். வாய் நிறைய கறி இருந்திருக்கும்."

ஆக்னஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு டீலியாவிடம் திரும்பிச் சொன்னாள்: "எங்க தாத்தா அயர்லாந்துல, கார்க் துறைமுகத்துல உப்புக் கொட்டகையில நாப்பது வருஷம் இருந்தாரு. மாட்டுக்கறியை உப்புல அமுக்கி அமுக்கிக் கப்பல்ல ஏத்தினாரு. எல்லாம் இங்கிலீஷ்காரனுக்கு. ஒரு துண்டு வாயில வெச்சதில்ல. விரல் வெடிப்புல இருந்த உப்புதான் அவருக்கு மிஞ்சினது."

"அவருக்கும் சேர்த்துத்தான் நான் சாப்பிடறேன்" என்று மார்ட்டி இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டான்.

ஆக்னஸ் ஒரு வாய் வைத்தாள். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே மென்றாள். இரண்டாவது வாய் வைத்தாள். பிறகு கையுறையை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டுச் சரியாக உட்கார்ந்தாள். பணக்கார வீட்டு அடுப்பில் இருபது வருஷம் வெந்தவள், ஊர்ப் பெண்ணாக மாறி ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றாள். "கைப்பக்குவம் இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து இது வருவது லேசில்லை.

வேறு நாளாக இருந்தால் டீலியா ஆனந்தத்தில் அழுதிருப்பாள். இன்று அவள் கண் மார்ட்டியின் கை மேலேயே இருந்தது. அவன் முழங்கையைச் சொறிந்துகொண்டான். பிறகு வயிற்றுப் பக்கம் சொறிந்தான்.

"என்னடா, படை கிடை பிடிச்சிருக்கா?" என்றாள் அக்கா.

"புதுச் சட்டைக் கஞ்சி."

டீலியா குனிந்து அவன் காதோரம் கேட்டாள். "எத்தனை நிமிஷம் உட்கார்ந்த?"

"போதுமான அளவு. சாப்பிடு டீலியா."

கொஞ்ச நேரத்தில் அவன் முள்கரண்டியை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினான். மார்ட்டிக்கு இடக்கைப் பழக்கம். டீலியாவின் தட்டில் கோசும் கிழங்கும் அப்படியே இருந்தன.

திடீரென்று அவன் எழுந்து அலமாரியிலிருந்து தகர வாளியை எடுத்தான். "பீர் இல்லாம இந்தக் கறியா? அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

"நான் போறேன்" என்று டீலியா வாளியைப் பிடித்தாள்.

"மாசமா இருக்கிறவ பீர் வாளியைத் தூக்கிட்டுப் போனா தெருவே என்னைக் காறித் துப்பும்!"

சொல்லிவிட்டுப் படியிறங்கினான். கைப்பிடியை நன்றாகப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

ஆக்னஸ் எழுந்தே விட்டாள். "மாசமா இருக்கியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? திங்கக்கிழமையே அவனைக் கிடங்குக்கு வரச் சொல்றேன். என் தம்பி பிள்ளைக்கு அப்பன் பூமிக்கு மேலதான் இருக்கணும்."

இரண்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. டீலியா காதில் அது ஏறவே இல்லை. கடிகாரத்தில் இரண்டே முக்கால்.

மூன்று மணியாயிற்று. மூலைக் கடைக்குப் போகவர ஐந்து நிமிடம்.

"எவனாவது பாட ஆரம்பிச்சிருப்பான், இவனும் உட்கார்ந்திருப்பான். குடிச்சிட்டு வரட்டும், பேசிக்கறேன்" என்றாள் ஆக்னஸ்.

"அவன் குடிக்கப் போகலக்கா." டீலியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஒரு மணிக்கு ஊதல். ஒண்ணே முக்காலுக்குக் குளிச்சு சவரம் பண்ணி இங்க வந்து நின்னான். காற்றறையில அம்பது நிமிஷம் உட்காரலக்கா அவன். உங்க ரெண்டு மணிக்காக."

ஆக்னஸின் முகம் வெளுத்துப்போயிற்று. தொப்பியைக்கூட எடுக்காமல் அவளுக்கு முன்னால் படியிறங்கினாள்.

டீலியா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் பச்சை ரிப்பன். எங்கே பார்த்தாலும் தள்ளாடுகிற ஆண்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன், விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு பாடுகிறவன், நடைபாதையில் நீட்டிப் படுத்துவிட்டவன். மடக்கு வந்தவனும் இப்படித்தான் நடப்பான். இப்படித்தான் விழுவான்.

"அப்பவே ஆடிக்கிட்டுத்தான்மா வந்தாரு. வாளியை நிரப்பிக் கொடுத்தேன். இங்க ஒரு சொட்டுக்கூடத் தொடல. வீட்டுலயே ஆரம்பிச்சிட்டாருன்னு நினைச்சேன்" என்றான் மூலை பீர்க்கடைக்காரன்.

தெருமுனையில் வாளி கிடந்தது. பக்கத்தில் நுரையோடு ஒரு ஈரத்திட்டு. எதிரே பழவண்டி வைத்திருந்த பெண் கையை நீட்டிக் காட்டினாள். "அந்த ஆளா? மேலெல்லாம் பீரைக் கொட்டிக்கிட்டு விழுந்தான். போலீஸ் வண்டியில மத்தவங்களோட அள்ளிப் போட்டுட்டுப் போயிட்டாங்க."

காவல் நிலையம் மூன்று தெரு தள்ளி. ஆக்னஸ் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். டீலியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

காவல் நிலையத்தில் சார்ஜெண்டும் ஐரிஷ்காரர்தான். மேசை மேல் அவருக்கும் ஒரு தட்டுக் கறி இருந்தது.

"கீழ முப்பது பேர் கிடக்காங்கம்மா. திருநாளும் அதுவுமா எவனுக்கும் கால் நிக்காது. தூங்கி எழுந்தா காலையில தானா வந்து சேருவான்."

"காலையில அவன் உயிரோட இருக்க மாட்டான் சார்! சுரங்கத்து ஆளு. மடக்கு வந்திருக்கு."

"சுரங்கத்து ஆளுன்னா வில்லை எங்க? வில்லையில்லாதவனை நான் எப்படி நம்பறது?"

"நான்தான் கழட்ட வெச்சேன்" என்றாள் ஆக்னஸ். அந்த விறைப்பான கழுத்து குனிந்திருந்தது. "வேணும்னா என்னை உள்ள போடுங்க. அவனை விடுங்க."

சார்ஜெண்டுக்கு என்ன தோன்றிற்றோ, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். கீழே ஈரத் தரையில் வரிசையாகக் கிடந்தவர்களுக்கு நடுவே மார்ட்டி மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. கோட்டு முழுக்க பீர் நாற்றம்.

"டீலியா, கால் எங்க போச்சுன்னு தெரியலடி. கொஞ்சம் பாரேன்" என்றான்.

அவள் அவன் தொடையைக் கிள்ளினாள். நன்றாக, நகம் பதியக் கிள்ளினாள். அவன் முகம் மாறவில்லை. அவள் இன்னொரு காலையும் கிள்ளினாள்.

"பீர்ல குளிச்சிருக்கானேம்மா" என்றார் சார்ஜெண்ட்.

ஆக்னஸ் தரையில் மண்டியிட்டாள். தம்பியின் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தாள். "கோட்டுலதான் பீர். வாயில கடுகும் கறியும்தான். இருபது வருஷமா சமைக்கிறவ சொல்றேன். நீங்களே முகர்ந்து பாருங்க."

சார்ஜெண்ட் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. "இயேசு மரி சூசையே! டேய், வண்டியைக் கட்டுங்கடா!"

சுரங்க வாசலுக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. வைத்தியக் காற்றறை ஒரு பெரிய இரும்புக் குழாய் மாதிரி கொட்டகையில் கிடந்தது. அதற்குள் ஆளை வைத்துப் பழைய அமுக்கத்துக்கு ஏற்றி, பிறகு நிதானமாக இறக்க வேண்டும். டாக்டர் மார்ட்டியைத் தொட்டுப் பார்த்தார். பின்னாலேயே கான் ஓடி வந்தான். மச்சானைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"இவனை எத்தனை நிமிஷத்துல மேல விட்ட?" என்றார் டாக்டர்.

"அம்பது நிமிஷம் டாக்டர். பதிவேட்டுல இருக்கு."

"அம்பது நிமிஷம் உட்கார்ந்தவனுக்கு இப்படிக் கால் போகாது. உண்மை தெரிஞ்சாத்தான் நான் எவ்வளவு அமுக்கம் கொடுக்கறதுன்னு முடிவு பண்ண முடியும். குறைச்சுக் கொடுத்தா கால் வராது. கடைசியா கேக்கறேன்."

கான் டாக்டரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். அம்மா இறந்தபின் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. உண்மை வெளியே வந்தால் வேலை போகும், ஜெயிலும் வரும். சொல்லிவிடாதே என்று அவன் கண் கெஞ்சிற்று.

டீலியா மார்ட்டியைப் பார்த்தாள், கானைப் பார்த்தாள். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. யோசிக்க ஒரு நிமிடம் எடுத்தாலும் அந்த நிமிடம் மார்ட்டியின் காலிலிருந்துதான் போகும்.

"ஒரு மணிக்கு ஊதல் டாக்டர். ஒண்ணே முக்காலுக்கு அவன் வீட்டுல நின்னான். குளிச்சு, சவரம் பண்ணி, பத்து நிமிஷம் நடந்து வந்தான். அம்பது நிமிஷம்கறது பொய்."

"அக்கா!" என்று கான் உடைந்தான். "நீதான கேட்ட? ரெண்டு மணிக்கு அனுப்புன்னு நீதான கேட்ட? ஷிப்டு மாத்தச் சுரங்க மேஸ்திரி விடல. திருநாள்ல கொஞ்சம் சீக்கிரமா குழாயைத் திறக்கறது எப்பவும் நடக்கறதுதான். ஒருத்தனுக்கும் இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

"ஆமா. நான்தான் கேட்டேன்" என்றாள் டீலியா. "எத்தனை நிமிஷம்டா?"

"பன்னிரண்டு."

டாக்டர் வேறொன்றும் கேட்கவில்லை. மார்ட்டியை உள்ளே தள்ளினார்கள், கதவை இறுக்கினார்கள். காற்று சீறிக்கொண்டு ஏறிற்று. இரும்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. டீலியா அதில் முகத்தைப் பதித்துக்கொண்டு அவன் வெறுங்காலையே பார்த்தாள். கட்டைவிரல் ஒருமுறை, ஒரே ஒருமுறை அசைந்தால் போதும் மாதாவே. அசையவில்லை. ஆக்னஸ் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மணிக்கு எஜமானியம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவளுக்கு நினைவிலேயே இல்லை.

"அசையறதுக்கு நேரமாகலாம். அசையாமலும் போகலாம். பொறுத்துத்தான் பாக்கணும்" என்றார் டாக்டர். பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் கானிடம் திரும்பினார். "காற்றறையில இவன் மட்டுமா இருந்தான்?"

கான் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"கேக்கறேன்ல? இவனோட எத்தனை பேர்?"

"இன்னும் மூணு பேர்."

"எங்க அவங்க?"

தூரத்தில் வாத்தியக் கோஷ்டியின் முரசு கேட்டுக்கொண்டிருந்தது. கான் அந்தத் திசையைப் பார்த்தான்.

"ஊர்வலத்துக்குப் போயிருக்காங்க டாக்டர். வில்லையைக் கழட்டி வெச்சுட்டு, நல்ல கோட்டு மாட்டிக்கிட்டு."

டீலியா கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தாள்.